'எஸ்டேட்' என்றால் என்ன? தோட்டம் முதல் தாத்தாவின் வீடு வரை: ஒரு சொல்லின் கதை

ஜொகூரில் இந்த ஒரே சொல்லை நான்கு விதமாகக் கேட்கலாம்.

"நாங்க எஸ்டேட்ல இருந்தப்போ விடியறதுக்கு முன்னாடியே எழுந்திருப்போம்" என்பார் பாட்டி. "தம்போய் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலை கிடைச்சிருக்கு" என்பார் அண்ணன். கைப்பேசியைத் திறந்தால் ரியல் எஸ்டேட் விளம்பரம். பிறகு ஒருநாள் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதில் காலமான தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'எஸ்டேட் ஆஃப்' என்று போட்டிருக்கும்.

தாத்தாவுக்கு ஏது எஸ்டேட்? அவர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்தானே?

நான்கும் ஒரே சொல்தான். அது எங்கே பிறந்தது, ஜொகூருக்கு எப்படி வந்தது, அந்தக் கடிதம் வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வேர்ச்சொல் என்ன?

லத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து வந்தது 'ஸ்டேட்டஸ்': ஒருவர் நிற்கும் நிலை. நீங்கள் வாட்ஸ்அப்பில் போடும் அதே ஸ்டேட்டஸ்தான்.

தமிழிலும் இதே பாதை உண்டு. 'நில்' என்பதிலிருந்து 'நிலை', 'நிலைமை', 'நிலையம்'. ஆங்கிலத்தில் ஸ்டேட்டஸ், ஸ்டேட், ஸ்டேஷன், ஸ்டேச்சு எல்லாம் அந்த லத்தீன் 'நில்' பெற்ற பிள்ளைகள். எஸ்டேட்டும் அதே குடும்பம்.

சரி, முன்னால் 'எ' எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சு பேசியவர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ட', 'ஸ்க' போன்ற ஒலிகள் வாயில் எளிதாக வரவில்லை. அதனால் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். 'ஸ்டேட்டஸ்' அவர்கள் வாயில் 'எஸ்டாட்' ஆனது.

நம் ஊர்ப் பெரியவர்கள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூலு' என்றும், 'ஸ்டேஷன்' என்பதை 'இஸ்டேசன்' என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் செய்ததும் அதேதான். அவர்கள் செய்தது அகராதியில் ஏறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் ஆட்சி, சட்டம், நிலம் சம்பந்தப்பட்ட ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. எஸ்டேட்டும் அந்த வழியாக வந்தது.

முதலில் நிலம் இல்லை, அந்தஸ்து

ஆங்கிலத்தில் எஸ்டேட் என்ற சொல்லின் முதல் பொருள் தோட்டமும் அல்ல, நிலமும் அல்ல. ஒருவருடைய நிலை, அந்தஸ்து. சமூகத்தில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான்.

ஐரோப்பாவில் சமூகத்தையே 'எஸ்டேட்'களாகப் பிரித்தார்கள். முதலாவது சமயத் தலைவர்கள், இரண்டாவது பிரபுக்கள், மூன்றாவது பொதுமக்கள். பிரான்சில் 1789இல் மன்னர் கூட்டிய மூன்று வகுப்பினர் மன்றத்தில் பொதுமக்களின் பிரதிநிதிகள் தனியே பிரிந்து தங்களையே தேசிய மன்றம் என்று அறிவித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி அங்கிருந்து சூடுபிடித்தது.

பத்திரிகைகளை 'ஃபோர்த் எஸ்டேட்' என்று சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். மூன்று வகுப்புகளுக்கு அப்பால் நான்காவதாக ஒரு சக்தி. பிரிட்டிஷ் நாடாளுமன்ற அரசியல்வாதி எட்மண்ட் பர்க் இப்படிச் சொன்னதாகப் பின்னாளில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதிவைத்தார்.

தமிழில் நாம் 'நான்காவது தூண்' என்கிறோம். ஆனால் கணக்கு வேறு. நம் கணக்கில் முதல் மூன்று தூண்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. ஆங்கிலக் கணக்கில் முதல் மூன்றும் மனிதர்களின் வகுப்புகள். மொழிபெயர்க்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தஸ்து எப்படி நிலமானது? அந்தக் காலத்தில் ஒருவருடைய அந்தஸ்தை முடிவு செய்தது அவர் கையில் இருந்த நிலம். யாரிடம் நிலம் இருந்ததோ அவருக்கே பேச்சு, அவருக்கே மரியாதை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தஸ்தைக் குறித்த சொல் சொத்தைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு பெரிய நிலப்பரப்பையே குறித்தது.

ரியல் எஸ்டேட்: இதில் 'ரியல்' எது?

'ரியல்' என்றால் ராஜாவுக்குரியது, ஸ்பானிய மொழியில் 'ரியால்' என்றால் அரசருக்கு உரியது, அதனால் எல்லா நிலமும் ராஜாவுடையது என்று அர்த்தம். இப்படி ஒரு விளக்கம் சமூக ஊடகத்தில் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரியில்லை.

இங்கே 'ரியல்' வந்தது லத்தீன் 'ரெஸ்' என்ற சொல்லிலிருந்து. ரெஸ் என்றால் பொருள், வஸ்து. பழைய ஆங்கிலச் சட்டத்தில் உங்கள் நிலத்தை ஒருவர் பிடுங்கிக்கொண்டால் அதே நிலத்தைத் திருப்பித் தரும்படி வழக்குப் போடலாம். மாடு, நகை போன்றவை போனால் பொதுவாக அவற்றின் மதிப்புக்கு நஷ்டஈடுதான். பொருளையே மீட்கக்கூடிய சொத்து என்பதால் நிலமும் அதன்மேல் நிற்கும் கட்டடமும் 'ரியல்' ஆயின.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: அசையாச் சொத்து. மலாயிலும் அதே கருத்துதான். 'ஹார்த்தா தாக் ஆலே' என்றால் இடம் மாற்ற முடியாத சொத்து.

ஜொகூருக்கு எஸ்டேட் எப்படி வந்தது?

ஜொகூரில் ரப்பருக்கு முன்னால் கம்பீரும் மிளகும் இருந்தன. கம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்ட ஒரு செடி. வெற்றிலையோடும் மெல்லுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் சீன விவசாயிகள் ஆற்றங்கரைகளில் காட்டை வெட்டி இவற்றைப் பயிரிட்டார்கள்.

ஆற்றுக்கு ஒரு தலைவர். அவருக்குப் பெயர் 'கங்சூ'. ஆட்சியாளரிடமிருந்து 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம் பெற்று அந்தப் பகுதியை அவர் நிர்வகித்தார். கங்கார் பூலாய் போன்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். 1917இல் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பிறகு மோட்டார் வாகனங்கள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டும். உலகமே மலாயாவைத் திரும்பிப் பார்த்தது.

1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. ஆற்றை நம்பியிருந்த ஜொகூர் தண்டவாளத்துக்கு மாறியது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரயில் போன வழியெல்லாம் உட்பகுதிக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின.

தோட்டங்களை நடத்தியவை பெரும்பாலும் நிறுவனங்கள். பல நிறுவனங்களின் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பரந்த நிலத்துக்குச் சொல்லும் 'எஸ்டேட்' என்ற சொல்லையே அவர்கள் இங்கேயும் பலகையில் எழுதி மாட்டினார்கள்.

மரம் வெட்ட, களை பிடுங்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். முதலில் ஒப்பந்த முறை இருந்தது. இந்தியத் தொழிலாளர்களுக்கு மலாயாவில் அது 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வருவார். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகையோடு அனுப்புவதை 1938இல் அன்றைய இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதோடு அந்தக் கதவும் மூடியது.

தோட்டத்தில் பிறந்த சொற்கள்

எஸ்டேட் என்ற சொல் தனியாக வரவில்லை. ஒரு சொல் கூட்டமே அதோடு வந்தது. உங்கள் பாட்டி பேச்சில் இவற்றைக் கேட்டிருக்கலாம்:

• லயம்: தொழிலாளர் குடியிருப்பு. வரிசையாகக் கட்டிய வீடுகளை ஆங்கிலத்தில் 'லைன்ஸ்' என்பார்கள். அதுதான் லயம் ஆனது. இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

• பெரட்டு: விடியலில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் என்பதே பொதுவான விளக்கம். 'பெரட்டுக்குப் போகலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல.'

• கிராணி: கணக்கு எழுதுபவர். மலாயில் 'கெரானி'. இன்றும் அலுவலக எழுத்தரை மலாயில் அப்படித்தான் அழைக்கிறோம்.

• துரை: தோட்ட நிர்வாகி. இது நம் சொல். பேச்சில் 'தொர'.

• ஆயாக்கொட்டகை: அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்.

எஸ்டேட்டுக்கே நம்மவர்கள் வைத்த பெயர் 'தோட்டம்'. பல நூறு ஏக்கர் ரப்பர் காட்டை, வீட்டுக் கொல்லையில் கத்தரிக்காய் போடும் இடத்துக்குச் சொல்லும் சொல்லால் அழைத்தார்கள். 'எந்தத் தோட்டம்?' என்று கேட்டால் போதும், அது சொந்த ஊரைக் கேட்பது மாதிரி.

எஸ்டேட்டில் இருந்தவர்களுக்கு எஸ்டேட் இருந்ததா?

இல்லை.

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால், வயதாகி ஓய்வு பெற்றால், தோட்டம் கைமாறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்த மண்ணில் ஓர் அடிகூட அவர்கள் பெயரில் இருக்காது.

பள்ளிக்கூடமும் தோட்டத்தோடு கட்டப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். அதனால் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரிலேயே தொடங்கின. தோட்டமே மறைந்து, பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறிய பின்னும் பெயர்ப் பலகையில் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் நிற்பதை நீங்கள் பார்க்கலாம். லாடாங் என்றால் தோட்டம்.

1950களில் இன்னொரு புயல் அடித்தது. மலாயா சுதந்திரம் பெறும் காலத்தில் பல வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதைத்தான் 'தோட்டத் துண்டாடல்' என்பார்கள். துண்டான தோட்டத்தில் பழைய தொழிலாளிக்கு வேலை உறுதியில்லை. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை.

அந்த நெருக்கடியில் 1960இல் உருவானது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதை முன்னின்று அமைத்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கி, அந்தப் பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்குவது திட்டம். பத்து வெள்ளி அன்றைக்குத் தோட்டத் தொழிலாளிக்குச் சின்னப் பணம் இல்லை. ஆனாலும் கட்டினார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் முதல்முறையாகத் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள்.

வசைச்சொல்லாக மாறிய கதை

இங்கே ஒரு விநோதம் நடந்தது. அந்தஸ்து என்ற பொருளில் பிறந்த சொல், அந்தஸ்து இல்லாதவர் என்று ஏளனம் செய்யப் பயன்பட்டது.

'எஸ்டேட் ஆளு', 'தோட்டக்காட்டான்' என்ற பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். நாகரிகம் தெரியாதவர், பட்டிக்காடு என்ற அர்த்தத்தில் பட்டணத்துத் தமிழர்களே தோட்டத்துத் தமிழர்களைப் பார்த்துச் சொன்னார்கள். இலங்கையிலும் இதே வசை இருந்தது. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்றும் நாட்டை நகரம், கிராமம், எஸ்டேட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆனால் அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'மலையகத் தமிழர்'.

இன்று மலேசியாவில் 'நான் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன்' என்று மேடையில் பெருமையாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். சொல் அதேதான். சொல்பவர் நிற்கும் இடம் மாறிவிட்டது.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காப்பிக் கடைகள், அடுக்குமாடி வீடுகள், வார இறுதி நெரிசல். ஒரு காலத்தில் அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். தோட்டம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இப்படி ஜொகூரில் எத்தனையோ இடங்கள். முதலில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும். அடுத்து நகரம் விரிந்தது. தெப்ராவ், இஸ்கந்தர் புத்ரி பகுதிகளில் தோட்ட நிலங்கள் குடியிருப்புகளாயின. பாசிர் கூடாங்கில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்தன.

ஆங்கிலத்தில் பார்த்தால் சொல் மாறவே இல்லை. ரப்பர் எஸ்டேட் போய் ஹவுசிங் எஸ்டேட் வந்தது, பக்கத்திலேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. திட்டமிட்டு ஒரே நோக்கத்துக்காக ஒதுக்கிய நிலப்பகுதி என்பதுதான் இங்கே பொருள்.

மலாயில் ஹவுசிங் எஸ்டேட்டுக்குப் பெயர் 'தாமான் பெருமாஹான்'. சுருக்கமாகத் தாமான். தாமான் என்ற மலாய்ச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன? தோட்டம். பூந்தோட்டம்.

அதாவது நம் தாத்தா பாட்டிகள் 'தோட்ட'த்தை விட்டு வெளியேறி 'தாமா'னுக்குக் குடிவந்தார்கள். ஒரு மொழியில் தோட்டம் என்று சொல்லும் இடத்திலிருந்து, இன்னொரு மொழியில் தோட்டம் என்று சொல்லும் இடத்துக்கு. வித்தியாசம் ஒன்றுதான். இந்த முறை பலருக்குக் கையில் 'கிராண்டு' இருந்தது. வீட்டுமனைப் பத்திரத்துக்கு நாம் சொல்லும் பெயர் அது. ஆங்கில 'கிராண்ட்', மலாயில் 'கெரான்'.

தோட்டத்தில் கிடைக்காத ஒன்றைப் பலர் தாமானில் மாதத் தவணை கட்டி வாங்கினார்கள். மலிவு விலை வீடாக இருக்கலாம், சின்னத் தரை வீடாக இருக்கலாம். குடும்பத்தின் முதல் அசையாச் சொத்து அது. அதனால்தான் அந்தக் கடிதம் முக்கியம்.

கடிதத்தில் 'எஸ்டேட்' என்று வந்தால்?

சட்டத்தில் எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தம். வீடு, நிலம், வங்கிப் பணம், கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்த்து. கடனும் அதில் அடக்கம். முதலில் கடனை அடைத்த பிறகே மீதி வாரிசுகளுக்குப் போகும். மலாயில் 'ஹார்த்தா பூசாக்கா'.

ஆகவே ஒரு மலிவு விலை வீடும் பழைய மோட்டார் சைக்கிளும் மட்டும் வைத்திருந்த தாத்தாவுக்கும் 'எஸ்டேட்' உண்டு.

பிரச்சினை எங்கே வருகிறது? தாத்தா இறந்து 20 ஆண்டுகள் ஆகியிருக்கும். வீட்டில் சித்தப்பா குடியிருப்பார். வரியும் கட்டுவார்கள். ஆனால் கிராண்டில் இன்னும் தாத்தா பெயர். 'நம்ம வீடுதானே, யார் கேட்கப் போறாங்க?' என்று விட்டுவிடுவார்கள்.

வீட்டை விற்க முடியாது. வங்கியில் அடகு வைக்க முடியாது. இதற்கிடையே பெரியப்பா இறந்தால் அவருடைய பங்கு அவர் வாரிசுகளுக்குப் போகும். மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பத்துப் பேரைத் தேட வேண்டியிருக்கும். அதில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை.

இதற்காகவே தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியவை:

• யாருக்கு? உயில் எழுதாமல் இறந்தவர், விட்டுச்சென்ற சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு வரம்புக்குள் இருந்தால். முன்பு வரம்பு 20 லட்சம் ரிங்கிட். 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் ரிங்கிட். சாதாரணக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

• எங்கே? சொத்து இருக்கும் மாவட்டத்துக்கான பூசாக்கா பங்கீட்டுப் பிரிவில். நில, கனிவளத் தலைமை இயக்குநர் துறையின்கீழ் அது இயங்குகிறது. வாரிசுகளில் ஒருவரே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

• என்ன வேண்டும்? மரணச் சான்றிதழ், கிராண்டின் நகல், வாரிசுகளின் அடையாள ஆவணங்கள், உறவை நிரூபிக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள். பழைய தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களில் பெயர் எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதை முன்கூட்டியே சரிபாருங்கள்.

• என்ன நடக்கும்? விசாரணைக்கு வாரிசுகளை அழைப்பார்கள். எல்லாரும் சம்மதித்தால் ஒருவர் பெயருக்கே மாற்றலாம். இல்லாவிட்டால் சட்டப்படி பங்கு. பிறகு அந்த உத்தரவை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் பயனில்லை.

உயில் இருந்தால் வழி வேறு. உயர் நீதிமன்றத்தில் 'புரோபேட்' என்ற அனுமதி பெற வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை. முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்.

அதன்படி ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச்சென்று, அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. இறந்தவர் மனைவியாக இருந்தால் கணவருக்கும் இதே கணக்கு.

'மூத்த மகனுக்குத்தான் வீடு', 'கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்ல' என்று வீட்டில் யாராவது சொன்னால், அது சட்டம் அல்ல. பிள்ளைகளுக்குள் ஆண், பெண், மூத்தவர், இளையவர், திருமணமானவர் என்று இந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் சமபங்கு.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு: பெயர் மாற்றப் போனால் பெரிய வரி கட்ட வேண்டி வருமோ என்று. இறந்தவர் சொத்துக்கு விதித்த 'எஸ்டேட் டியூட்டி' வரியை மலேசியா 1991இல் நீக்கிவிட்டது. விண்ணப்பம், பதிவு தொடர்பான கட்டணங்கள் மட்டும் இருக்கும்.

சுருக்கமாக: எந்த எஸ்டேட்?

• ரப்பர், தேயிலை, செம்பனையோடு வந்தால்: தோட்டம்.
• ஹவுசிங் எஸ்டேட்: குடியிருப்புப் பகுதி, தாமான்.
• இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்: தொழிற்பேட்டை.
• ரியல் எஸ்டேட்: அசையாச் சொத்து. விற்பவரிடம் 'ஆர்இஎன்' பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.
• ஃபோர்த் எஸ்டேட்: பத்திரிகைத் துறை.
• எஸ்டேட் கார்: பின்பக்கம் பொருள் வைக்க நீண்ட இடமுள்ள கார். பிரிட்டிஷ் ஆங்கில வழக்கு.
• இறந்தவர் பெயரோடு வந்தால்: அவர் விட்டுச்சென்ற சொத்தும் கடனும்.

கடைசியில் சொன்னது உங்கள் வீட்டுக்கும் பொருந்தலாம். இந்த வாரம் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்ம வீட்டு கிராண்டு இப்போ யார் பேருல இருக்கு?"

பதில் ஏற்கெனவே இறந்துபோன ஒருவரின் பெயராக இருந்தால், அடுத்த வேலை என்ன என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். லயத்து வீட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வழியில்லாதவர்கள், பத்து வெள்ளியும் இருபது வெள்ளியுமாகக் கட்டிச் சேர்த்த வீடு அது.